உள்ளிருந்து ஒரு குரல்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், கல்லூரிப் பிரதான மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் தந்த தலைப்பு, "உள்ளுணர்வை நம்பி வாழ்க்கையில் வெற்றி பெறுவது" என்பது. கேட்டதும் தயங்கினோம். வைத்தியர்களிடம் இந்தத் தலைப்பைக் கொடுப்பது, கலியாண வீட்டுச் சமையற்காரரிடம் விரதத்தைப் பற்றிப் பேசச் சொல்வது போன்றது. எங்களுக்கு எதற்கும் ஒரு பரிசோதனை அறிக்கை வேண்டும். மனம் சொன்னது என்று எழுதி நோயாளியின் கட்டில் அட்டையில் கையொப்பம் வைக்க முடியாது.

ஆனால் மறுக்கவும் மனம் வரவில்லை. எங்கள் வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டோம். "மனம் ஒன்று சொல்லி, அதைக் கேட்டோ கேட்காமலோ விட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கோ." இரண்டு நாட்களில் முப்பத்தொரு குரல் பதிவுகள் வந்தன. ஒருத்தி ரொறொன்ரோவில் காருக்கு மேலிருந்த பனியை வழித்துக்கொண்டே பேசியிருந்தாள். இன்னொருத்தி வகுப்பறைக்கு வெளியே நின்று, பிள்ளைகள் சத்தம் போடுவதை இடையிடையே அதட்டிக்கொண்டு பேசியிருந்தாள். ஆகையால் இந்த உரையில் "நான்" இல்லை, "நாங்கள்" மட்டுமே. யாருக்கு எது நடந்தது என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. கெட்டித்தனமும் பிழையும் எங்கள் எல்லோருடையதும்தான்.

எங்களை இந்தக் கல்லூரியில் "இடம்பெயர்ந்த வகுப்பு" என்று சொல்வார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்தபோது எங்களுக்குப் பதினாறு வயது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. மழை. சைக்கிளில் பாட்டி, பாட்டியின் மடியில் ரேடியோ. அந்த இரவைப் பற்றி இங்கே இருக்கின்ற எல்லோரிடமும் ஒரு கதை உண்டு. ஆகவே நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

எங்களில் ஒருத்தி, அம்மா உடுப்பு மூட்டை கட்டச் சொல்ல, அதைக் கேளாமல் விஞ்ஞானக் கொப்பிகளை எல்லாம் ஒரு யூரியாப் பையில் போட்டுக் கட்டினாள். அம்மா ஏசினார். "ஏனெண்டு தெரியேல்லை, இதுதான் வேணும் எண்டு உள்ளுக்கை ஒண்டு சொல்லிச்சுது" என்பதுதான் குரல் பதிவில் அவள் சொன்ன விளக்கம். கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் நாங்கள் ஒன்பது பேர் அந்தக் கொப்பிகளைப் பார்த்து எழுதினோம். பரீட்சைக்குப் படித்தது அவற்றிலிருந்துதான். இந்தக் கதையைப் பல தடவை மேடைகளில் சொல்லியிருக்கிறோம். கேட்பவர்கள் கைதட்டுவார்கள்.

மேடையில் சொல்லாத கதை ஒன்றும் அதே இரவில் நடந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த இன்னொரு தோழி ஒன்றையுமே எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ்கூட எடுக்கவில்லை. "ரெண்டு நாளிலை திரும்பி வந்திடுவம் எண்டு என்ரை மனசு அடிச்சுச் சொல்லிச்சுது" என்கிறாள். அவர்கள் திரும்பி வந்தது அடுத்த ஆண்டு. வந்தபோது வீட்டில் கூரை இருக்கவில்லை.

ஒரே இரவு, ஒரே ஒழுங்கை, ஒரே வயது. இரண்டு பேருக்கும் உள்ளிருந்து ஒரு குரல். இரண்டும் ஒரே உறுதியோடுதான் பேசின. ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. பலித்ததை உள்ளுணர்வு என்று பெயர் வைத்து இருபத்தைந்து வருடம் சொல்லி வருகிறோம். பலிக்காததற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வெற்றி பெற்றவர்கள் மட்டுமே "என் மனம் சொன்னதைக் கேட்டேன்" என்று சொல்ல அழைக்கப்படுகிறார்கள். மனம் சொன்னதைக் கேட்டுக் கெட்டுப்போனவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. ஆகவே இந்தத் தலைப்பை எடுப்பதானால் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் எடுக்கவேண்டும் என்று தீர்மானித்தோம்.

அடுத்துச் சொல்லப்போவது, எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களின் அனுபவம். இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது.

உள்ளகப் பயிற்சிக் காலம். யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு வைத்தியசாலை, சிறுவர் விடுதி. டெங்குக் காலம் என்பதால் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். கட்டிலுக்குக் கீழே பாயில் இன்னொரு பிள்ளை. அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அன்று ஐந்தாம் நாள். காலையிலேயே காய்ச்சல் விட்டிருந்தது.

இங்கே இருக்கின்ற தாய்மாருக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். டெங்கில் காய்ச்சல் விடுவது நோய் மாறுவதாகாது. அபாயக் கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து வெளியேறும். அது ஒன்று, இரண்டு நாட்கள் நீடிக்கும். அந்த நேரத்தில் வயிற்று நோ, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், அமைதியின்மை, சலம் குறைவாகப் போதல் என்று எது கண்டாலும் உடனே சொல்லவேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 1,86,000 இற்கும் மேற்பட்டவர்கள் டெங்குச் சந்தேகத்தோடு பதிவானார்கள், 400 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே இது பேச்சுக்கு இடையில் வந்த தேவையில்லாத கதை என்று நினைக்கவேண்டாம்.

இரவு பத்து மணிக்கு எடுத்த அளவுகள் எல்லாம் எல்லைக்குள் இருந்தன. பதினொன்றரை போலத் தாய் எங்கள் மேசைக்கு வந்தார். "டொக்டர், காய்ச்சல் விட்டிட்டுது எண்டு எல்லாரும் சொல்லினம். ஆனா இது என்ரை பிள்ளை மாதிரி இல்லை." போய்ப் பார்த்தோம். பிள்ளை விழித்திருந்தது, தண்ணீர் கேட்டது. கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். திரும்பி நடந்து வரும்போது உள்ளுக்குள் ஏதோ ஒன்று பின்னுக்கு இழுத்தது. அந்த இழுப்பு நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் வந்து இருந்த பிறகும் விடவில்லை.

அந்த இரவில் மூத்த வைத்தியரை ஏற்கெனவே இரண்டு தடவை எழுப்பியிருந்தோம். இரண்டாம் தடவை அவர் ஏசினார். மூன்றாம் தடவை எழுப்பி எதைச் சொல்வது? தாய்க்கு மனம் கேட்கவில்லை என்றா? எங்களுக்கும் மனம் கேட்கவில்லை என்றா? எழுப்பவில்லை. இன்னொரு முறை குருதி அமுக்கம் எடுத்துப் பார்க்கக்கூடப் போகவில்லை. போனால் அதற்குப் பிறகு ஏதாவது செய்யவேண்டி வரும் என்ற பயம்.

விடிய மூன்றரைக்குத் தாதி ஓடி வந்தார். நாடி பிடிபடவில்லை.

பிள்ளை பிழைத்தது. மூன்று நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தது. பிழைக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். வீட்டுக்குப் போகும் நாளில் தாய் எங்களிடம் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த இரவில் தான் வந்து சொன்னதை அவர் ஒரு வார்த்தை நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. குடும்ப வைத்தியர்களிடம் வந்த 3,890 பிள்ளைகளை வைத்துச் செய்தது. பரிசோதித்துப் பார்த்துக் கடுமையான வருத்தம் இல்லை என்று வைத்தியர்கள் முடிவு செய்த பிள்ளைகளில் ஆறு பேருக்குப் பிறகு கடுமையான தொற்று இருப்பது தெரியவந்தது. கண்ணுக்குக் குறிகள் தெரியாத நிலையிலும் "ஏதோ சரியில்லை" என்று வைத்தியருக்குத் தோன்றியிருந்தால், ஆபத்து இருக்கும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது என்பது அதன் முடிவு. அந்தத் தோற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ளதாக அவர்கள் கண்டவற்றில் ஒன்று, "இந்த முறை பிள்ளை வேறு மாதிரி இருக்கிறது" என்ற பெற்றோரின் கவலை. அதை வாசித்த அன்று கட்டுரையை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். ஒரு தாய் ஒன்பது வருடமாக ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறார். பத்தாயிரம் தடவை பார்த்த முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல் கிடைக்காததால் அது பொய்யாகிவிடாது.

அன்று தொடக்கம் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி மனம் சொன்னால் கேட்பது. யார் ஏசினாலும் கேட்பது. இதோடு கதையை நிறுத்தியிருந்தால், செயலாளர் அக்கா கேட்ட தலைப்புக்கு நல்ல பேச்சு ஒன்று கிடைத்திருக்கும்.

சில வருடங்களுக்குப் பிறகு, வேறோர் இடம், வெளிநோயாளர் பிரிவு. கௌரி விரதம் முடிந்த கிழமை. வரிசையில் தொண்ணூறு பேர். ஐம்பது வயது கடந்த ஒரு அம்மா, நெற்றியில் திருநீறு, கையில் காப்பு நூல். "காஸ்ரிக் எண்டுதான் நினைக்கிறன் டொக்டர், இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு." மேல் வயிற்றில் எரிவு, முதுகில் ஒரு பிடிப்பு, களைப்பு. அப்படி ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறோம். அவர் சொல்லி முடிக்குமுன்பே எங்கள் மனமும் காஸ்ரிக் என்று சொல்லிவிட்டது. எந்தச் சலனமும் இல்லை, எந்த இழுப்பும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தோம். பகிடியாக ஏதோ சொன்னோம், அவரும் சிரித்தார்.

மாலையில் மாரடைப்போடு கொண்டுவந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை.

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மேல் வயிற்று எரிவாக வரும், முதுகு நோவாக வரும், தாடை உளைவாக வரும், காரணமில்லாத களைப்பாக, மூச்சு வாங்கலாக வரும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியும். ஒரு ஈ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். எடுக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. தோன்றாததற்குக் காரணம் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பலாம். உண்மை அது அல்ல. எங்கள் உள்ளுணர்வை நாங்கள் நம்பினோம். அனுபவம் வந்துவிட்டது, மனம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினோம்.

அந்த அம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்கு இருந்தாள். இதற்கு மேல் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பல வருடம் எடுத்தது. முதலாவதில் மனம் சொன்னதைக் கேட்காமல் விட்டோம். இரண்டாவதில் மனம் சொன்னதைக் கேட்டோம். இரண்டிலும் பிழைத்தோம். அப்படியானால் மனத்தை நம்புவதா, விடுவதா? இந்தக் கேள்வியையே நாங்கள் பிழையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு குரல்களும் என்ன சொல்லின என்று யோசித்துப் பாருங்கள். சிறுவர் விடுதியில் கேட்ட குரல் "திரும்பிப் போய் இன்னொரு முறை பார்" என்றது. வெளிநோயாளர் பிரிவில் கேட்ட குரல் "போதும், பார்க்கத் தேவையில்லை" என்றது. முதலாவது எங்களுக்கு வேலை தந்தது, கரைச்சல் தந்தது, ஏச்சு வாங்கித் தரும் என்று பயமுறுத்தியது. இரண்டாவது எங்களைச் சுகமாக இருக்க விட்டது.

பார்க்கச் சொல்கின்ற குரலை நம்பலாம். பார்க்க வேண்டாம் என்கின்ற குரலை, அது எவ்வளவு இனிமையாக, எவ்வளவு உறுதியாக, எவ்வளவு பக்தியாகப் பேசினாலும் நம்பக்கூடாது. இந்த மண்டபத்துக்கு நாங்கள் கொண்டுவந்திருப்பது இது ஒன்றைத்தான்.

படித்தவர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். டானியல் கானமன், உள்ளுணர்வு எங்களை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று காட்டிப் பொருளியலில் நோபல் பரிசு பெற்றவர். கேரி கிளைன், தீயணைப்புப் படைத் தலைவர்கள் எரிகின்ற வீட்டுக்குள் நின்று கண நேரத்தில் எப்படிச் சரியாக முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து உள்ளுணர்வைப் புகழ்ந்தவர். எதிரும் புதிருமான இந்த இரண்டு பேரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு துறையில் ஒழுங்கு இருக்கவேண்டும், அதில் நீண்ட காலம் பழகியிருக்கவேண்டும், செய்தது சரியா பிழையா என்று உடனுக்குடன் தெரியவந்திருக்கவேண்டும், அப்போதுதான் அங்கே உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு என்பது அவர்கள் உடன்பட்ட இடம். இன்னொன்றிலும் உடன்பட்டார்கள். மனத்துக்குள் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது, அது சரியா என்பதற்கு அளவுகோல் அல்ல. வீட்டில் எங்கள் அம்மாமார் அப்பத்துக்கு மா புளித்ததைக் கிண்ணத்தைத் திறக்குமுன் மணத்தில் சொல்வார்கள். அது நாற்பது வருடப் பழக்கம். அதே அம்மா லொத்தர் இலக்கத்தைக் கனவில் கண்டேன் என்றால், பாவம், காசுதான் போகும்.

காசு என்றதும் நினைவு வருகிறது. எங்கள் குழுவில் நான்கு பேர் ஒரே சீட்டில் காசை இழந்தவர்கள். "உள்ளுக்கை ஒரு மாதிரி இருந்தது, ஆனா எல்லாரும் போடுகினம் எண்டு போட்டது" என்று நான்கு பேருமே சொன்னார்கள். ஒருவருக்காவது அதை மற்றவரிடம் வாய் திறந்து சொல்லத் தோன்றவில்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும். இழந்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருந்து முறைக்கிறார்கள்.

உயர்தர வகுப்புத் தங்கைகளுக்கு இப்போது ஒரு கதை. எங்களில் ஒருத்தி உயிரியல் பிரிவில் மூன்று தடவை பரீட்சை எடுத்தாள். டொக்டராக வரவேண்டும் என்று சிறுவயது முதல் தன் உள்மனம் சொல்வதாக அவள் உறுதியாக நம்பினாள். மூன்றாம் தடவை, இரசாயனவியல் வினாத்தாளைத் திருப்பும்போது ஒரு விடயம் அவளுக்குப் பிடிபட்டதாம். அந்தக் குரல் அவளுடையது இல்லை. அம்மாவுடைய குரல். அம்மாவின் சொற்கள், அம்மாவின் இழுவைகூட அப்படியே. எங்களுக்குள் பேசுகின்ற எல்லாமே எங்களுடையவை அல்ல. அம்மா பேசுவார், ரியூசன் சேர் பேசுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இசட் புள்ளி பேசும், பேஸ்புக் பேசும்.

பிறகு அவள் உடனே ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவவில்லை என்பதைக் கவனியுங்கள். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளின் பாடசாலை ஒன்றில் உதவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, மூன்று கிழமை சம்பளம் இல்லாமல் போய் நின்று பார்த்தாள். மூன்று கிழமை மூன்று மாதமானது. இன்றைக்கு இருபது வருடத்துக்கு மேல். வகுப்பறைக்கு வெளியே நின்று குரல் பதிவு அனுப்பியவள் அவள்தான். கேட்காத பிள்ளைகளை ஏன் வாயால் அதட்டுகிறாய் என்று கேட்டோம். "அவையள் என்ரை முகத்தைக் கேப்பினம்" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சிலருக்குக் கசக்கும். எங்களில் ஒருத்திக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றை அவளுடைய வீட்டார் "மனசுக்கு ஒப்பேல்லை" என்ற ஒரு சொல்லால் தட்டிவிட்டார்கள். பெடியனை வந்து ஒருமுறை பாருங்கள், கதையுங்கள் என்று அவள் கெஞ்சியும் பார்க்கவில்லை. ஒப்பாதது மனத்துக்கு அல்ல, ஊருக்கும் சாதிக்கும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். இதுவும் உள்ளுணர்வு என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தது. "வந்து பாருங்கோ" என்றதும் அது பின்வாங்கியதை நினைத்துப் பாருங்கள்.

பார், பார் என்று ஓயாமல் சொல்கின்ற குரலும் உண்டு என்று சிலர் நினைக்கக்கூடும். உண்மைதான். பூட்டிய கதவை ஐந்து தடவை போய்ப் பார்க்கச் சொல்வது பயம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொல்வதும் பயம்தான். எங்களுக்கும் அந்த அம்மா இறந்த பிறகு ஒரு வருடம் அப்படி இருந்தது. தலையிடி என்று வந்தவர்களுக்கெல்லாம் ஈ.சி.ஜி. எடுத்தோம். மூத்த தாதி ஒருவர்தான் தனியே கூப்பிட்டு, "டொக்டர், இது நோயாளிக்காகவா, உங்களுக்காகவா?" என்று கேட்டார். ஒரு முறை ஒழுங்காகப் பார்த்த பிறகும் அடங்காமல் நிற்பது பயம். பார்த்ததும் அடங்குவது வேறு. எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். நுணுக்கமாகக் கேட்டால் மனநல வைத்தியர்களிடம்தான் கேட்கவேண்டும், எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், தேநீர் இடைவேளையில் பிடியுங்கள்.

தலைப்பின் மறுபாதிக்கு வருகிறோம். வழிகாட்டுவது மனமா, மனத்துக்கு அப்பால் இருக்கின்ற ஒன்றா?

இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடியவர்களும் நாங்கள்தான், தலை குனிந்து செபம் சொன்னவர்களும் நாங்கள்தான். அனுப்பப்பட்ட குரல் பதிவுகளில் பாதிக்கு மேல் முருகன் காட்டினார், மாதா காட்டினார், ஆண்டவர் நடத்தினார் என்றுதான் இருந்தன. அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை, அளக்க ஆசையும் இல்லை. பிள்ளையின் நாடி பிடிபடாத அந்த விடியற்காலையில் நாங்களும் சும்மா நின்று சேலைன் ஏற்றவில்லை, யாரையோ கூப்பிட்டுக்கொண்டுதான் ஏற்றினோம்.

ஆனால் பிரார்த்தனை முடிந்ததும் இரண்டு நிமிட மௌனம் இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் அது பெரிய வேதனை. யாராவது இருமுவாள், ஒருத்தி சிரிப்பை அடக்குவாள், அதைப் பார்த்து வரிசையே குலுங்கும். வெளியே காகம் கத்தும். சில நாட்களில் வெளியே கேட்டது காகம் அல்ல, ஷெல். அப்போதும் மௌனம் குறைக்கப்படவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் எங்களுக்கு எந்தத் தெய்வக் குரலும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் எங்கள் சொந்த இரைச்சல். செய்யாத வீட்டு வேலை, பசி, அண்ணா எங்கே போனான், இன்றைக்கு மண்ணெண்ணெய் கிடைக்குமா. வருடக்கணக்கில் அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, எது பசி, எது பயம், எது ஆசை என்று பெயர் சொல்லப் பழகினோம். அவ்வளவையும் பெயர் சொல்லி ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது எது என்பதுதான் ஆன்மிகம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது காலில் எறும்பு கடித்தாலும் அசையக்கூடாத நேரம், அவ்வளவுதான்.

நல்லூர்த் தேரடியில் பித்தரைப் போல இருந்த செல்லப்பா சுவாமிகளிடமிருந்து யோகர் சுவாமிகள் வழியாக எங்கள் ஊருக்கு வந்த மகாவாக்கியங்கள் நான்கில் ஒன்று, "நாம் அறியோம்" என்பது. எங்கள் பாட்டிமார் அடுப்படியில் வைத்துக்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வழி தெரியவேண்டும் என்று தேடிப் போகின்ற பிள்ளைக்கு "நாம் அறியோம்" என்று ஞானி சொல்வது என்ன ஆறுதல் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. ஈ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பிய அந்த நாளில் எங்களிடம் இல்லாமல் போனது இந்த இரண்டு சொற்கள்தான். ஞானத்தில் அதற்கு இருக்கின்ற பொருள் வேறு, பெரியது. வெளிநோயாளர் பிரிவுக்கு எங்களுக்குத் தேவையான அளவு பொருளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இப்போதெல்லாம் காஸ்ரிக் என்று யாராவது சொன்னால் பேனையை எடுக்குமுன் அதை உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

எங்கள் கணித ரீச்சர் இன்று வரமுடியவில்லை, முழங்கால் வருத்தம். விடை வந்ததும் பேனையை மேசையில் வைத்தால் ரீச்சருக்குப் பிடிக்காது. "சரி எண்டு நிக்கிறியோ? அப்ப திருப்பிச் செய்" என்பார். பிழை என்று அழுதுகொண்டு போனாலும் அதே பதில்தான். இவ்வளவு நேரம் நாங்கள் சுற்றி வளைத்துச் சொன்னதை ரீச்சர் ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார் போல இருக்கிறது.

கடைசியாக, பனி வழித்துக்கொண்டு பேசியவளைப் பற்றி. இருபது வருடத்துக்கு மேல் ரொறொன்ரோவில் இருக்கிறாள். நல்ல வேலை, வளர்ந்த பிள்ளைகள். ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று உள்ளுக்குள் ஏதோ கொஞ்ச நாளாகச் சொல்கிறது, என்ன செய்ய என்று குழுவில் கேட்டாள். வா என்று பதினைந்து பேர் எழுதினார்கள், வராதே என்று பதினைந்து பேர் எழுதினார்கள். நாங்கள் எழுதியது, வந்து மூன்று மாதம் இருந்து பார் என்று. விழாவுக்கு வருவதும் ஒன்று, இருந்து பார்ப்பதும் ஒன்று என்று வந்துவிட்டாள். அம்மாவின் வீட்டில் இருக்கிறாள். கிணற்றில் வாளி விட்டு இழுக்கிறாள், வெயிலில் வங்கி வரிசையில் நிற்கிறாள், நுளம்பு வலைக்குள் படுக்கிறாள், அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறாள். நான்காவது வரிசையில் நீலச் சேலையோடு இருப்பவள்தான். இன்று காலை கேட்டோம், என்ன சொல்கிறது என்று. "கிணத்தடியிலை நிக்கேக்கை ஓம் எண்டுது, ராத்திரி பிள்ளையளோடை கதைச்சு முடியேக்கை இல்லை எண்டுது" என்றாள். பயணச் சீட்டில் இன்னும் ஏழு கிழமை இருக்கிறது.

செயலாளர் அக்கா மணியைக் கையில் எடுத்துவிட்டார்.